கடைசி இலை எடுக்கிறவரை

“நீர் முழுசும் வாசிச்சீரா இல்லியா, அதை மொதல்ல சொல்லும் ஓய்—”

“ரெண்டு மட்டம் வாசிச்சாச்சு வாத்தியாரே. ரெண்டு கிறுக்குக செவத்தப் பாத்துப் பேசுகு. இதுக்குப் பேரு நாடகம்னு—”

“செவர் இல்லே, மூலை. நாடகத்துக்குப் பேரே மூலைன்னுதானே வெச்சிருக்கான். அதுகூட மனசிலாகல்லேன்னா பின்னே—”

“மூலைன்னா ரெண்டு செவரு வே. அப்பம் கிறுக்கும் ரெண்டு மடங்காக்கும்.”

பந்தியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் நீலகண்டன் சிரிக்கவில்லை. அவர் சோற்றில் கட்டியிருந்த சாம்பார்க் குளம் கரை உடைந்து அவியல் பக்கம் போய்க்கொண்டிருந்தது; அதையும் அவர் பார்க்கவில்லை. எதிர்வரிசையில் பஸ் டிப்போ குமாஸ்தா சற்குணம் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின் மேல் தூவிக்கொண்டு அடுத்த அடிக்குத் தயாராக இருந்தார்.

“பேச்சி, சாம்பார் தீந்துட்டுன்னு உள்ள சொல்லு” என்றார் வேல்சாமி பிள்ளை, காலி வாளியைச் சரித்துப் பார்த்தபடி.

“பேச்சி, இப்பதான் கொதி வருது, பொறுக்கச் சொல்லு” என்று அடுக்களைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கடையில் கூடமாட வேலைக்கிருந்த பேச்சி அங்கே இல்லை. அடுக்களை வாசலை ஒட்டிய மூலையில் ஆட்டுரலும், அதன் பக்கத்தில் அவள் உட்காரும் மணையும் இருந்தன. மணை ஆறு மாதமாகக் காலி. பிள்ளை மூலையைப் பார்த்துத்தான் சொன்னார். கோமதியம்மாளும் கரண்டியோடு வாசல்வரை வந்து, மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நாலடி தூரம் இருந்தால் அதிகம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேரில் ஒருவரும் தலை தூக்கவில்லை. வீட்டுக் கடிகாரம் அடித்தால் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

இது எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே உள்ள சந்தில் அந்தச் சாப்பாட்டுக் கடை. பலகை கிடையாது. பிள்ளை கடை என்றால் டவுன் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வான். எதிர் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மின்சார லைன் வேலை. மழை பிடித்தால் மலைப் பக்கம் போய்ப் பத்து நாள் திரும்பமாட்டார். ஒற்றை ஆளுக்கு உலை வைப்பானேன் என்று நான் கோமதியக்காளின் அடுக்களைக்குப் போய்விடுவேன். தேங்காய் துருவிக் கொடுப்பேன், முருங்கைக்கீரை உருவுவேன். நாலு குரல் காதில் விழுமே, அதற்காகவே போனேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

“வசனத்தக் கேட்டியளா?” என்று சற்குணம் பந்திக்கே பொதுவாகச் சொன்னார். “அவன் சொல்லுகான், மோரு புளிச்சிட்டுன்னு சொல்லு. அவ சொல்லுகா, நேத்தைக்குள்ள மோரு இன்னைக்குப் புளிக்காம இனிக்குமான்னு கேளு. ஆருட்ட சொல்லுகு? ஆருமில்ல. ஒழிஞ்ச மூலை. இத ஒருத்தன் மெனக்கெட்டு மெட்றாசுல அச்சடிச்சு—”

“அந்த ஆருமில்லேங்கறதுதான் ஓய் நாடகம். ரெண்டு மனுஷாளுக்கு நடுவிலே ஒருத்தன் இருந்தான். இப்போ இல்லே. அது ஈஸ்வரன்னு நான் சொல்றேன்.”

“ஈஸ்வரன்ட்டயா மோரு புளிச்சதச் சொல்லுகு?”

“வெளிநாட்டிலே இப்படி எழுதினா கொண்டாடறான். நம்மாத்துப் பையன் ஒருத்தன் எழுதினா—”

“வெளிநாட்டுக்காரனுக்கு மோரு உண்டான்னு கேட்டு எழுதும் மொதல்ல.”

“பேச்சி, ரெண்டாம் வரிசைக்கு மோர் எடுக்கச் சொல்லு” என்றார் பிள்ளை.

 உள்ளே கோமதியக்காள் கரண்டியை அண்டாவுக்குள் நழுவவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏளா, இப்ப அந்த டிப்போக்காரர் என்ன சொன்னாரு?”

“ஏதோ நாடகம்க்கா. போன மாசப் புத்தகத்துல வந்ததாம். நல்லாருக்கு, நல்லால்லன்னு ஊர்ப்பட்ட பேரு காகிதம் போட்டு, அதெல்லாம் இந்த மாசம் வந்திருக்காம். அதுக்குத்தான் ரெண்டு பேரும் அடிச்சிக்கிடுதாக.”

“இனிக்குமான்னு கேளு.” அவள் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “அது நான் சொன்னதுல்லா.”

பிள்ளையும் கோமதியக்காளும் நேருக்கு நேர் பேசி அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நான் அந்தச் சந்துக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் பேச்சிதான் எனக்கு அதைச் சொன்னாள், வெண்டைக்காய் அரிந்துகொண்டே.

“தந்தி வந்தது பகல் பதினோரு மணிக்கும்மா. வெள்ளிக்கிழம. தேங்காப்பால் சொதிச் சாப்பாடு, கூட்டம்னா கூட்டம். ஐயா வாங்கிப் படிச்சாக. மடிச்சு மடியில சொருகிக்கிட்டாக. மொகத்தப் பாத்து என்னய்யான்னேன். அடுத்த இலையப் போடுன்னாக.”

“யாருக்கு என்னவாம்?”

“அம்மாவோட அப்பாவுக்கு. தென்காசியில. நாலு மணிக்குக் கடைசி இலை எடுத்தது. கைய கழுவிட்டு வந்து, கோமதி, ஒங்க அப்பா தவறிட்டாகன்னாக. அந்தம்மா தந்திய வாங்கிப் பாத்துச்சு. நேரம் போட்டிருக்கும்லா அதுல. பன்னெண்டரைக்கு ஒரு தென்காசி பஸ் இருந்ததேன்னு ஒரு வார்த்த கேட்டுச்சு. அதான் கடைசி. பொறவு எல்லாம் என் வழியாத்தான்.”

மறுநாள் அவள் தென்காசி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கழுவிவிட்ட முற்றம் காய்ந்துபோயிருந்ததாம். ஒற்றை மகள்.

“எதுக்காக அத்தனை நேரம் மறைச்சாரு?”

“கூத்தே அதுலதான இருக்கு. அந்தம்மாவோட அப்பா தென்காசியில பெரிய சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாக. நம்ம ஐயா அங்க பரிமாறிப் படிச்சவுக. அவுக சொல்லிக்கொடுத்த சட்டம்: இலையில உக்காந்தவன் கை நிக்கும்படி ஒரு சொல்லு சொல்லப்படாது. இடி விழுந்தாலும் கடைசி இலை எடுத்த பொறவுதான். அந்தம்மாவுக்கும் இது மனப்பாடம். அந்தம்மாதான் எனக்கே சொல்லிக் கொடுத்துச்சு.”

“இதை நீ அக்காட்ட எடுத்துச் சொல்லப்படாதா?”

பேச்சி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். “சொல்லி அனுப்புனதச் சொல்லுற ஆளும்மா நான். அவுக சொல்லச் சொல்லாதத நான் எப்படிப் போயிச் சொல்ல?”

அந்தப் பேச்சி சித்திரையில் பொன்முடிக்குப் போனாள். மகள் அங்கே தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். பெற்றவளுக்குக் காய்ச்சல், பிறகு பிள்ளைக்கு மாந்தம், பிறகு வைகாசி மழையில் பாதை அடைத்துவிட்டது, பிறகு வரவேயில்லை. அவள் போன மறுநாள் பகல் பந்தியில் அடுக்களை வாசலுக்கு இருபுறமும் இருவரும் வாய் திறக்காமல் நின்றார்கள். ரசம் வற்றிக் கரிந்தது. கடைசியில் பிள்ளைதான் காலி மணையைப் பார்த்து, “பேச்சி, ரசம் கரியுதுன்னு சொல்லு” என்றார். “மூக்கு இருக்குன்னு சொல்லு” என்று உள்ளேயிருந்து வந்தது. அன்றிலிருந்து அப்படியே நடந்தது. கூட்டம் நெருக்கிய நாளிலும் அந்த மணைமேல் ஒரு தேங்காயைக்கூட யாரையும் வைக்கவிடமாட்டார்கள் இருவரும்.

நாடகச் சண்டை நடந்தது புதன்கிழமை. அதற்கு இரண்டு நாள் முந்தி, திங்கட்கிழமை, எச்சில் இலைக் கூடையை மாட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை மூலைக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலம் பாரித்த கால் அவருக்கு. நின்று நின்று வந்தது.

“பேச்சி, கால் நிக்க மாட்டேங்கு. வெள்ளிக்கிழம சொதிப் பந்தி முடிச்சிட்டு நான் ஊருக்கு, கடையத்துக்குப் போறேன். தம்பி வீட்டோட இருந்துக்கிடுதேன். சொல்லு.”

உள்ளே அண்டா தேய்க்கும் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

“போகட்டும்னு சொல்லு” என்றாள் கோமதியக்காள்.

புதன்கிழமை பிற்பகலில் வாத்தியாரிடம் அந்த இரண்டு புத்தகங்களையும் நான் இரவல் கேட்டேன். அவர் மகிழ்ந்துபோய், “வாசியுங்கோ, வாசிச்சுட்டு அந்த டிப்போக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்று கொடுத்தார். பிள்ளை கம்போளத்துக்குச் சொதிச் சாமான் வாங்கப் போயிருந்தார். வானம் கறுத்து இடித்துக்கொண்டிருந்தது. கோமதியக்காள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பொடி எழுத்து ஆகாது. நான்தான் வாசித்தேன்.

அதில் சாப்பாட்டுக் கடை இல்லை. ஓர் அறை, ஒரு மூலை. ஆண், பெண் என்று மட்டும் போட்டிருந்தது. எல்லாம் அச்சுத் தமிழில் இருந்தது.

“ஆண்: மழை வரும்போலிருக்கிறது என்று சொல். பெண்: வந்தால்—”

“விறகு நனையும்னு சொல்லு. உள்ள எடுத்துப்போட ஆளில்லன்னு சொல்லு” என்றாள் கோமதியக்காள்.

நான் பக்கத்தைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

“ஒனக்கு எப்படிக்கா—”

“வாசி.”

பாதிவரை அவளே முந்திக்கொண்டு சொன்னாள். ஒரு இடத்தில், “இது தப்பு, நான் இவ்வளவு எடக்காச் சொல்லல்ல” என்றாள். பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் பெண் அறையை விட்டுப் போகிறாள். ஆண் மூலையருகே குனிகிறான்.

“ஆண்: தந்தி பதினோரு மணிக்கு வந்தது. நாற்பது இலை கிடந்தது. என் கை நடுங்கியது, யாருக்கும் தெரியாமல் பரிமாறினேன். இதையும் சொல்.”

கோமதியக்காள் முந்தவில்லை. அடுப்பில் பந்திக்குக் குடிக்க வைத்த சுக்குவெள்ளம் கொதித்துப் பொங்கி வழிந்தது. எடுத்து இறக்கினேன்.

“திருப்பி வாசி.”

வாசித்தேன்.

“இன்னொருக்க.”

வாசித்தேன்.

“இது நான் கேட்டதே இல்லியேளா.”

முடிவில் அந்த ஆண் கதவைத் திறக்கிறான். “போய்வருகிறேன் என்று சொல்.” பெண், “எங்கே என்று கேள்.” அவன் போய்விடுகிறான். பெண் ஓர் இலையைத் துடைத்துப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள்.

“பெறவு?”

“அவ்வளவுதான்க்கா.”

“திரும்பி வந்தானா?”

“போடல்ல.”

“இத எழுதும்போது அவுக போறேன்னு சொல்லவே இல்லியே. போன மாசத்துப் புத்தகம்லா இது.” அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “இவளாவது எங்கன்னு கேட்டா. நான் அதும் கேக்கல்ல.”

இந்த மாசப் புத்தகத்தில் வந்திருந்த வாசகர் காகிதங்களையும் வாசிக்கச் சொன்னாள். ஆறு பக்கம் இருந்தன. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை வாங்கிப் படிக்கிற நாங்கள்தான் பைத்தியங்கள் என்று சேலத்திலிருந்து ஒருவர். தமிழுக்கு இன்றுதான் விடிந்திருக்கிறது என்று டெல்லியிலிருந்து ஒருவர். மூலை என்பது மக்களைக் கைவிட்ட சர்க்கார் என்று ஒருவர். யாருடைய தந்தி, எந்த இலை, ஏன் நாற்பது, ஆசிரியர் வாசகனை முட்டாளாக்குகிறார் என்று கும்பகோணத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர். கடைசியில் மூன்றே வரியில் ஒன்று: ‘எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் சொல்லி அனுப்ப ஒரு மூலைகூட இல்லை. ஒரு வாசகி, சாத்தூர்.’

“பேரு போடல்லியா?”

“இல்லக்கா.”

“பாவி” என்றாள். “பேரப் போட்டிருந்தா ஒரு கார்டு எழுதலாம்.”

மழை இறங்கிவிட்டது. கொல்லையில் தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் அதற்குப் பிறகு பேசினால் கேட்டிருக்காது.

வியாழக்கிழமை கடைசி இலையில் இருந்தது பட்டாபி. கிழக்கேகோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிற மெலிந்த பையன். மூன்று மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள், அதனால் நிதானமாகச் சாப்பிடுவான். நாலு வருஷமாக ஒரே இடம், மூலைக்குப் பக்கத்து இலை. வாத்தியாரும் டிப்போக்காரரும் அடித்துக்கொண்ட அன்றைக்கும் அவன் தலை குனிந்து புளிக்குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை கூடையோடு சந்துக்குப் போனதும் கோமதியக்காள் வாசலில் வந்து நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

“தம்பி, செத்த நில்லுங்க. அது நீங்க எழுதுனதுதானே?”

“எதும்மா?”

“மூலை.”

அவன் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டான். சந்துப் பக்கம் பார்த்தான். “பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவுகட்ட யாரு சொல்லுவா?”

“தப்பா ஒண்ணும் நெனைச்சு எழுதல்லேம்மா. உங்க பேர் போடல்லே, என் சொந்தப் பேரும் போடல்லே, ஊர் போடல்லே, சாப்பாட்டுக் கடைன்னே போடல்லே. இங்கே சாப்பிடறவாளுக்கே தெரியல்லே பாருங்கோ. நான் நாளைலேர்ந்து வேணும்னா வேறெங்கேயாவது—”

“சாப்பாட்ட எதுக்கு விடணும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாப்பது இலை கெடந்ததுன்னு அந்த ஆளு சொல்லுதானே. அது நீங்களா சேத்ததா?”

பட்டாபி மணையைப் பார்த்தான். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“இல்லேம்மா. நீங்க கொல்லைக்குப் பாத்திரம் எடுத்துண்டு போனப்புறம் அவர் அந்த மணையைத் துண்டால தொடச்சு வெப்பார். தொடைக்கறப்போ சொல்வார். நான் இருக்கறது அவருக்கு நெனப்பிருக்காது.”

“எப்பவாச்சுமா?”

“தெனமும்.”

“பேச்சி இருக்கையில சொன்னாகளா?”

“இல்லே. அவள் போனப்புறம்தான்.”

கோமதியக்காள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா. அவ இருந்தா எங்கிட்ட வந்து சொல்லிருவால்லா.” பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், “கடேசியில கதவத் தொறந்து போறானே, அவன் வருவானா?”

“எனக்குத் தெரியல்லேம்மா” என்றான் பட்டாபி. “அதுக்கு மேலே எனக்குக் கேக்கல்லே.”

அவன் இலையை மடித்து, கை கழுவி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான். நான் கேட்டேன், “அக்கா, வேணும்னா நான் பிள்ளைட்ட சொல்லிப் பாக்கட்டுமா?”

“நீ ஒரு பேச்சி ஆயிராத” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே போய்விட்டேன். சொதி என்றால் இரண்டு பேர் வேலை. இருபத்தெட்டுத் தேங்காய். துருவி, ஆட்டி, முதல் பால் தனியே, இரண்டாம் பால் தனியே, மூன்றாம் பால் தனியே. மூன்றாம் பாலில் முருங்கையும் கிழங்கும் அவரைக்காயும் வேகவேண்டும். இரண்டாம் பாலை விட்டுக் கொதி வந்ததும் பாசிப்பருப்பு சேர்க்கவேண்டும். முதல் பாலை விட்டால் நுரை கூடும்போதே இறக்கிவிடவேண்டும், ஒரு கொதி வந்தாலும் திரிந்துபோகும். இஞ்சித் துவையலை அம்மியில் நான் அரைத்தேன்.  முன்கட்டில் பிள்ளை தரை துடைக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை எட்டிப் பார்த்தேன். தெருவாசல் ஆணியில் துணிப்பை மாட்டியிருந்தது. அதன்மேல் குடை. நாலரை மணிக்குப் பஸ்.

“பேச்சி, எலுமிச்சம்பழம் ஒரு டசன் கூடுதல் வாங்கிப் போட்டிருக்கேன். அடுத்த வாரத்துக்கு ஆவும்னு சொல்லு.”

“செரின்னு சொல்லு” என்றாள்.

பதினோரு மணிக்கு முன்பே கூட்டம் சேர்ந்தது. வெளியே இடித்துக்கொண்டு மழை. நனைந்த செருப்புகள் வாசலில் குவிந்தன. குடைகளை வரிசையாகச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளை இலை போட்டுக்கொண்டே போனார். கால் வீங்கி முழங்கால் திண்டுக்கல் பூட்டுப்போல இறுகியிருந்ததால் ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர ஒரு நொடி அதிகம் பிடித்தது. அவர் முடித்ததும் நான் அடுக்களை வாசலிலிருந்து எண்ணினேன். சரியாக நாற்பது. இடம் அவ்வளவுதான் கொள்ளும்.

சோறு விழுந்தது. சொதி வாளியோடு பிள்ளை முதல் வரிசையில் நடந்தார். பட்டாபியும் வந்திருந்தான், தன் இடத்தில். வாத்தியாருக்கும் டிப்போக்காரருக்கும் வாய் சும்மாயிருக்குமா?

“ராத்திரி முழுக்க யோசிச்சேன் ஓய். கும்பகோணத்துக்காரர் கேட்டிருக்காரே, ஏன் நாப்பதுன்னு. நான் கண்டுபிடிச்சுட்டேன்.”

“சொல்லும். சொதி ஆறதுக்குள்ள சொல்லும்.”

“இந்த ஊர்லே மண்டலம்னா எத்தனை நாள்? நாப்பத்தொண்ணு. அதிலே ஒண்ணு குறைச்சா நாப்பது. அந்தக் குறையற ஒண்ணுதான் மூலையிலே இல்லாத ஆள்.”

“கணக்கு வாத்தியாரில்லா. கழிச்சு வச்சிட்டீரு.” சற்குணம் இஞ்சித் துவையலை நாக்கில் வைத்துத் தலையை ஆட்டினார். “வே, நாப்பது இலைன்னா நாப்பது இலை. ‘தந்தி பதினோரு மணிக்கு வந்தது, நாப்பது இலை கெடந்தது, கை நடுங்கிச்சு.’ எவனோ கல்யாண வீட்டுல பரிமாறப்போன கிறுக்கனாக்கும் அவன்.”

சொதி வாளி நின்றது. வாத்தியார் இலைக்கு மேல் பிள்ளையின் கரண்டி அப்படியே சாய்ந்தபடி இருக்க, சொதி சோற்றில் விழுந்து, இலை ஓரம் தாண்டித் தரையில் ஓடியது.

“போதும் பிள்ளை, போதும்” என்றார் வாத்தியார்.

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார். ஆறு மாதமாக வாய் திறக்காத மணை ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட்டதுபோல அதையே பார்த்தார். பட்டாபி தலையை இலைக்குள் புதைத்துக்கொண்டான்.

நான் அரைத்த கையோடு வாசலில் நின்றிருந்தேன். கோமதியக்காள் என்னை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் கடை தொடங்கிய நாளிலிருந்து பந்தி நடக்கும்போது அவள் நிலைப்படியைத் தாண்டியதில்லை. ஈரப் புடவைத் தலைப்பும், வெள்ளையாய்த் தேங்காய்ப்பால் காய்ந்த கையுமாக இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ஏங்க.”

பிள்ளை பழக்கத்தில் மறுபடியும் மூலையைத்தான் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

“திங்கக்கிழம போகட்டும்னு சொன்னது பேச்சிட்டச் சொன்னது. ஒங்ககிட்ட நான் சொல்லல்ல.”

ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. சற்குணம் வாயில் போட்ட உருண்டையை மென்று முடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அவளையும் பிள்ளையையும் மணையையும் மாறி மாறிப் பார்த்தார். நீலகண்டன் வாத்தியார், “ஓய்…” என்று அவரைப் பார்த்துத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.  நாற்பது இலையிலும் சொதி ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளையின் உதடு அசைந்தது, பந்தியைப் பார்த்தார், உதட்டை மூடிக்கொண்டார். வாளி கையில் கனத்து இறங்கியது.

அவள் ஒரு அடி கிட்டே போனாள்.

“எங்க அப்பாவே ஒங்க எடத்துல இருந்திருந்தாலும் கடைசி இலை எடுத்த பெறவுதான் எங்கிட்டச் சொல்லியிருப்பாக.”